நாலாம் நாற்காலியில் திரும்பி வந்த பெயர்

காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு என் கைப்பேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் என் மகள் ரூத் அழைக்க மாட்டாள். பாகான் டத்தோவில் ஒரு தனியார் டயாலிசிஸ் மையத்தின் கணினிகளுக்கெல்லாம் அவள் ஒருத்திதான் பொறுப்பு. அவளுக்கு நின்று பேச நேரம் இருக்காது.

"அம்மா, ஆறுமுகம் ஐயா பேரு ஸ்கிரீன்ல வருதும்மா. நாலாம் நாற்காலி, பத்தரை மணி."

"வந்தா என்ன?"

"அவரு போன மாசமே தவறிட்டாரும்மா."

அலுவலகத்தில் என் மேசையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "காலையில டிஸ்க்ல இடமில்லன்னு மேல் ஃபைலைக் கீழ சேத்தேன். உங்க கம்பெனி புது வர்ஷன்தான். நீங்க டெஸ்ட் பண்ணி விட்டதுதாம்மா."

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். எங்கள் ஈப்போ அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், "ஜெசி அக்கா, நீங்க இருந்த காலத்துல என்னதான் செஞ்சீங்க, எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார்கள். சோதனைகளை எழுதுவதற்கே மென்பொருள் வந்துவிட்ட நேரத்தில் அவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான். எழுத உட்கார்ந்தால் அந்தப் பத்து மணி பதினேழுதான் முதலில் வந்து நிற்கிறது. இன்றைக்கும் முற்பகலில் கைப்பேசி அதிர்ந்தால் பயந்துகொண்டே மணியைப் பார்ப்பேன். ஆனாலும் அந்த வேலையை எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அதைச் சரியாகச் செய்தோம் என்பதும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் மென்பொருள் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் நடிக்கும். உள்ளே இருக்கும் கணினிக்கு நிஜமான வட்டு கிடையாது. வெளியே இருக்கும் ஒரு பெரிய கோப்பைத்தான் அது தன் வட்டு என்று நம்பிக்கொண்டிருக்கும். டிஸ்க் இமேஜ் என்போம். அந்தக் கோப்பின் மேல் இன்னொரு கோப்பை வைக்கலாம். அப்படி வைத்தால் கீழ்க்கோப்பு அப்படியே இருக்கும். அதற்குப் பிறகு நடக்கும் மாற்றம் எல்லாம் மேல்கோப்பில் சேரும். ஏதாவது கெட்டுப்போனால் மேல்கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய நிலைக்குப் போய்விடலாம். எல்லாம் நன்றாக இருந்தால் மேலே உள்ளதைக் கீழே சேர்த்துவிடலாம். ரூத் அன்று செய்தது இந்தச் சேர்ப்புதான்.

நான் இந்த வேலைக்கு வந்தது சுற்றுவழியில். சுங்காய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் குடும்பம் ஈப்போவில் சிலிபினுக்கு வந்தது, இங்கே பள்ளி, பிறகு பாலிடெக்னிக், அதற்குப் பிறகு நிஜ வட்டு செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனதும் பொய் வட்டு செய்யும் இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "இருக்குற டிஸ்க்க செக் பண்ண சம்பளம் குடுத்தான், சரி. இல்லாத டிஸ்க்குக்குமா?"

சோதனைப் பிரிவின் தலைவர் குணசேகரன். எல்லோருக்கும் குணா அண்ணே. மேசையில் எப்போதும் புந்தோங்கில் வாங்கிய கச்சாங் கடலைப் பொட்டலம் ஒன்று இருக்கும். ஓட்டை உடைத்து, பருப்பை உடனே வாயில் போடாமல், விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் தின்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு சோதனை எழுதினேன். அது தானே ஒரு வட்டுக் கோப்பை உருவாக்கும், அதில் எதையோ எழுதும், திரும்பப் படித்து ஒப்பிடும், ஒத்துப்போனால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எனக்குப் பச்சை வந்தது. போய்ச் சொன்னேன்.

"சிவப்பு பாத்தீங்களா?" என்றார்.

"இல்லண்ணே, பாஸ் ஆயிருச்சு."

அவர் என் இடத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் மென்பொருளில் வட்டில் எழுதும் வரியைக் கண்டுபிடித்து அதைச் செயல்படாமல் செய்தார். மறுபடியும் சோதனையை ஓட்டினார். பச்சை.

"இப்ப நம்ம சாமான் டிஸ்க்ல ஒண்ணுமே எழுதல. உங்க டெஸ்ட்டு ரொம்ப நல்லா இருக்குங்குது." ஒரு கச்சாங்கை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டுத் திருப்பி எழுதுங்க."

வெற்றுக் கோப்பில் வெற்றை எழுதி, வெற்றைப் படித்து, சரி என்று சொல்லியிருந்தது என் சோதனை. அன்றிலிருந்து எங்கள் பிரிவின் வழக்கத்துக்கு நானும் வந்தேன். எந்தச் சோதனையையும் சேர்ப்பதற்கு முன்னால் மென்பொருளை வேண்டுமென்றே கெடுத்து, சோதனை சிவப்பாவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இன்னொன்று, கீழ்க்கோப்பை ஒருபோதும் காலியாக விடக்கூடாது. ஆளுக்கு ஓர் எழுத்து. கோப்பு முழுவதையும் அந்த எழுத்தால் நிரப்பிவிட்டுத்தான் சோதனை தொடங்கும். எனக்கு ஜே. குணா அண்ணனுக்கு ஜி. மென்பொருளை எழுதும் பிரவினுக்கு பி.

இந்த எழுத்து வழக்கம் எவ்வளவு உதவி என்பதை ஒரு நாள் பார்த்தேன். என் சோதனை காரணமே இல்லாமல் சிவப்பாகியது. உள்ளே திறந்து பார்த்தால், ஜே இருக்க வேண்டிய இடத்தில் நடுவில் ஒரு கொத்து பி.

"டேய் பிரவின், உன் எச்சில் என் தட்டுல கிடக்கு!" என்று கத்தினேன்.

"எச்சில் இல்லக்கா, லவ் லெட்டர்லா," என்றான் அவன், தலையைக்கூடத் திருப்பாமல்.

"மச்சான், அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா உன் லெட்டரை உனக்கே ஊட்டிவிட்டுருவாரு," என்றான் அவன் பக்கத்து இருக்கைக்காரன்.

இரண்டு சோதனைகளும் ஒரே நேரத்தில் ஓடி, ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியிருந்தன. எழுத்து இல்லாவிட்டால் அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகியிருக்குமோ. அதன்பின் ஒவ்வொரு சோதனைக்கும் தனி ஃபோல்டர் கொடுத்தோம்.

பிரவினோடு நான் உண்மையிலேயே சண்டை போட்டது மேல்கோப்பு விஷயத்தில். சேர்ப்பு முடிந்ததும் மேல்கோப்பை மென்பொருளே அழித்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி.

"இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கும்கா. கஸ்டமர் திட்டுவான்."

"வீடு மாறுறே. புது வீட்டுக் கதவு தொறக்குதான்னு பாக்காமலே பழைய வீட்டுச் சாவியைக் குடுத்துருவியா?"

"கதவெல்லாம் தொறக்கும்கா. நான்தானே செஞ்சேன்."

"அதனாலதான் கேக்குறேன்."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குணா அண்ணன் கச்சாங் ஓட்டை உடைத்துக்கொண்டே, "வேணும்னா கஸ்டமரே அழிச்சுக்கட்டும். நம்ம அழிக்க வேணாம்," என்றார். அப்படியே ஆனது. அதைப்பற்றி நான் பெருமைப்படுவேன், மறைக்கவில்லை.

பிறகு காலம் மாறியது. தலைமை அலுவலகம் சோதனைகளைத் தானே எழுதும் கருவி ஒன்றை அனுப்பியது. நாங்கள் ஒரு வாரம் யோசித்து எழுதுவதை அது நாங்கள் கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் எழுதியது. அதே சமயத்தில் பெரிய வட்டுகளுக்கென்று விரைவுச் சேர்ப்பு என்ற புதிய வழியும் வந்தது. அதற்கான சோதனைகள் எல்லாவற்றையும் கருவியே எழுதிவிட்டது. திரை முழுக்கப் பச்சை. குணா அண்ணன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எல்லாம் பச்சையா இருக்கு. ஒண்ணைக்கூடச் சிவப்பா பாக்கல," என்றார்.

சிலவற்றைக் கெடுத்துப் பார்க்கத் தொடங்கினார். விரைவுச் சேர்ப்பின் பக்கம் வருவதற்குள் வெளியீட்டு நாள் வந்துவிட்டது. இன்னும் அவகாசம் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டார், மேலிடம் கொடுக்கவில்லை. புதிய வர்ஷன் வெளியே போனது. என் மகளின் மையத்துக்கும் போனது.

மறுபடியும் அந்தக் காலை. ரூத் தொலைபேசியில் இருக்கிறாள். நான் கேள்விமேல் கேள்வி கேட்கிறேன். "எந்த மோட்ல தொறந்தே? மேல் ஃபைல் இருக்கா? அழிச்சிட்டியா? யாராச்சும் எதையாச்சும் டைப் பண்ணிட்டாங்களா? ஏன் பேச மாட்டேங்குற?"

"ஒண்ணொண்ணா கேளுங்கம்மா..." அவள் குரல் உடைந்தது. அவளுக்குப் பின்னால் மையத்தின் மேலாளர் போடும் சத்தம் எனக்கே கேட்டது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு ரூத்! அந்தப் பழைய ஃபைலை டிலிட் பண்ணு, இடம் வரும். ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, கஷ்டம், சுசாலா!"

இறந்தவர் பெயர் திரும்பி வந்தால் பழைய மருந்து அளவும் திரும்பி வரும். டயாலிசிஸ் நேரத்தில் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தில் அளவு மாறினால் உயிருக்கே ஆபத்து. மேல்கோப்பை அழித்துவிட்டால் உண்மையான அளவு எது என்று சொல்ல அந்த மையத்தில் எந்தக் கணினியும் இருக்காது. எது நடந்தாலும் பழி விழப்போவது பொத்தானை அழுத்திய என் பெண்மேல்.

குணா அண்ணன் எழுந்து வந்து கையை நீட்டினார்.

"போனைக் குடுங்க ஜெசி."

"அண்ணே, என் பொண்ணுண்ணே..."

"அதான் கேக்குறேன். குடுங்க."

கொடுத்தேன். அவர் அதை மேசைமேல் வைத்து, எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"ரூத்தா? நான் குணா அங்கிள். சாப்டியாம்மா?"

"இன்னும் இல்ல அங்கிள்."

"சரி. ரெண்டு கையையும் கீபோர்டுல இருந்து எடு. எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"நோயாளிங்க?"

"லெட்சுமி மிஸ்ஸி லிஸ்ட்ட பாத்ததுமே நிறுத்திட்டாங்க. யாருக்கும் இன்னும் மருந்து ஏத்தல. நோயாளியோட பேப்பர் கார்ட்ட பாத்துக் கையால செய்யலாம்னு சொல்றாங்க." லெட்சுமி அந்த மையத்தின் தலைமைத் தாதி.

"நல்ல மிஸ்ஸி. அப்படியே செய்யச் சொல்லு. இப்ப ஸ்கிரீனைப் பாரு. ஜன்னலோட மேல் ஓரம் என்ன கலர்?"

"மஞ்சள்."

குணா அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் என்றால் வெறுமனே பார்ப்பதற்கான முறை. அதில் என்ன தட்டினாலும் வட்டுக் கோப்பில் பதியாது. வட்டில் கை வைத்தால் முதல் தடவை மஞ்சளில் திறந்து பார் என்று, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சமையலறையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். காதில் வாங்கினாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

"மேல் ஃபைல் இருக்கா?"

"இருக்கு அங்கிள். பாஸ்தான் அத அழிக்கச் சொல்றாரு."

"யாரு சொன்னாலும் அதைத் தொடாதே. முதல்ல அதையும் கீழ் ஃபைலையும் வேற டிஸ்க்ல காப்பி எடுத்து வை. போனை உங்க பாஸ்கிட்ட குடு."

மேலாளரிடம் அவர் பேசியதும் அதே குரலில்தான். "சார், நீங்க அழிக்கச் சொல்ற ஃபைல்லதான் உங்க இத்தனை மாச ரெக்கார்டும் இருக்கு. அது போச்சுன்னா யாராலயும் கொண்டுவர முடியாது. தப்பு எங்க சாமான்ல. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்றேன். அதுவரைக்கும் அந்தப் பொண்ணைக் கச்சாவ் பண்ணித் தொல்லை குடுக்காதீங்க."

பேசி முடித்ததும் என் கைப்பேசியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, அது என் போன்."

"தெரியும். நீங்க சிவப்பைக் கொண்டாங்க. போன் தாரேன்."

உட்கார்ந்தேன். ரூத்துக்கு வந்த கோளாறை எங்கள் கணினியிலும் வரவைத்து, சோதனை சிவப்பாக வேண்டும் என்றுதான் கேட்டார். முதலில் கருவி எழுதியிருந்த சோதனையை ஓட்டினேன், பச்சை. அதன் உள்ளே பார்த்தேன். கீழ்க்கோப்பு காலி. நான் முதல் வாரத்தில் எழுதிய சோதனையைப் போலவே, வெற்றின்மேல் வெற்றைச் சேர்த்து, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

என் வழியில் எழுதினேன். கீழ்க்கோப்பு முழுவதும் ஜே. அதன்மேல் மேல்கோப்பு. மேல்கோப்பில் ஓர் இடத்தில் எதையோ எழுதினேன். இன்னோர் இடத்தை அழித்தேன். பிறகு சேர்ப்பு. அழித்த இடம் சேர்த்த பிறகும் காலியாக இருக்க வேண்டும். ஓட்டினேன். பச்சை.

குணா அண்ணன் பையில் என் கைப்பேசி அதிர்ந்தது. மையத்தின் மேலாளர்தான். எடுத்து, "அடுப்புல வேகுது சார், வேகுது," என்று சொல்லி வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாக்காதீங்க. அங்க பாருங்க," என்றார்.

அங்கே பார்த்தேன். ரூத்தின் வட்டுக்கும் என் வட்டுக்கும் என்ன வித்தியாசம்? அவளுடையது பெரியது. விரைவுச் சேர்ப்பு பெரிய வட்டுகளுக்கு மட்டும்தான் வேலைக்கு வரும். என்னுடையது அவசரத்தில் செய்த சின்னக் கோப்பு. அது பழைய வழியிலேயே போயிருக்கிறது. கோப்பைப் பெரிதாக்கி மறுபடியும் ஓட்டினேன்.

சிவப்பு.

காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ஜே, ஜே, ஜே என்று வரிசை வரிசையாக என் எழுத்து. ஆறுமுகம் ஐயா நாலாம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். நான் மேசையைத் தட்டிவிட்டேன். "சிவப்புண்ணே!" அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். சோதனை தோற்றால் கை தட்டுகிற இடம் எங்கள் அலுவலகமாகத்தான் இருக்கும்.

பிரவின் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். மேல்கோப்பில் ஓர் இடம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, இங்கே எதுவும் எழுதப்படவில்லை, கீழே பார் என்பது. இன்னொன்று, இங்கே இருந்தது அழிக்கப்பட்டது என்பது. அவன் நிரலைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றான்.

"அலாமாக். அக்கா, ரெண்டுக்கும் ஒரே வழிதான் வச்சிருக்கேன். அழிச்ச இடத்தையும் எழுதாத இடம்னு நெனச்சு விட்டுட்டுப் போயிருது. அதான் கீழ கிடந்த பழசு அப்படியே நிக்குது." அவன் முகம் வெளுத்திருந்தது. "ரூத் என்னைத் திட்டும்லக்கா?"

"முதல்ல சரிபண்ணு. திட்டு எங்கயும் போயிராது."

திருத்தினான். ஓட்டினோம்; பச்சை. நான் எழப்போனேன். குணா அண்ணன் விடவில்லை. "திருத்தினதை எடுத்துட்டு ஓட்டுங்க." சிவப்பு. "திருப்பிப் போடுங்க." பச்சை. பிறகு ஜே-க்குப் பதில் ஜி, பி. பிறகு எங்கள் பழைய சோதனைகள் அத்தனையும் ஒரு முழுச் சுற்று. என் பெண் அங்கே தவித்துக்கொண்டிருக்கிறாள், இங்கே இந்த மனிதர் எழுத்து மாற்றிப் பார்க்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வேறு யாருடைய பெண்ணாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

பிறகு திருத்திய வர்ஷனை அவளுக்கு அனுப்பினோம். குணா அண்ணன் இந்தத் தடவை ஒலிபெருக்கியில் போடவில்லை. ஜன்னல் ஓரமாகப் போய் நின்று பேசினார். எனக்குக் கேட்டது அவருடைய பாதி மட்டும்.

"ம்... திருப்பிச் சேத்தியா?... மஞ்சள்ல தொற... மிஸ்ஸி கார்டோட நிக்கிறாங்களா? ஒவ்வொரு பேரா படிக்கச் சொல்லு..." ஒவ்வொரு பேருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "நாலாம் நாற்காலி?... காலியா?... மருந்தெல்லாம் கார்டோட ஒத்துப்போகுதா?... சரிம்மா. இப்பப் போய்ச் சாப்பிடு."

கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அது சூடாக இருந்தது. "சொன்னதைக் கேட்டுக்கிட்டா. நல்ல பொண்ணு," என்றார். போய் அவர் இடத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

அந்த வாரமே கருவி எழுதிய சோதனைகளுக்கும் எழுத்து நிரப்புவது கட்டாயம் என்று ஆனது. பிள்ளைகளே, கருவியைப் பயன்படுத்துங்கள். எங்களைவிட வேகமாக எழுதுகிறது, சலித்துக்கொள்வதுமில்லை. ஆனால் அது பச்சையைக் கொண்டுவந்து காட்டினால், குணா அண்ணன் என்னிடம் கேட்டதை நீங்கள் அதனிடம் கேளுங்கள்.

அன்று சீக்கிரமாகவே கிளம்பினேன். சிலிபினில் மழை பிடித்துக்கொண்டது. சோறும் மீன்குழம்பும் செய்து மூடி வைத்துவிட்டு, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றேன். அவள் பாகான் டத்தோவில் எடுத்திருக்கும் வாடகை அறையிலேயே இருந்துவிடுவாள் என்றுதான் என் கணவர் சொன்னார். நான் அழைக்கவில்லை, அழைத்தால் வண்டி ஓட்டும்போது எடுப்பாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன்: நீ செய்ததில் தப்பில்லை, அம்மா இருக்கிறேன், பயப்படாதே.

இருட்டுவதற்கு முன்னால் ரூத்தின் கார் வந்தது. நனைந்துகொண்டே உள்ளே வந்தாள், பையை நாற்காலியில் போட்டாள், நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. நீங்க போனை அங்கிள்கிட்ட குடுத்தீங்க பாருங்க, அப்பதான் எனக்குக் கை நடுங்குறது நின்னுச்சு."